தலைக்குள் இருந்த பல்செட்டுகள்

பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவளுடைய வேலை. வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவண்ணத்தில்தான் என்பதால் பெயரே பல்லக்கா என்றாகிவிட்டது.

பல்லக்காவுக்குக் கைத்திறமையைவிட ஞாபகசக்தியில்தான் கர்வம். எந்த அச்சு யாருடையது, யாருக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை, யாருக்கு எந்தக் கிழமை வேண்டும் எல்லாம் தலைக்குள். எழுதி வைக்கச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். தலை நிறைய அடுத்தவர் பல் இருந்ததால் வீட்டுச் சமாச்சாரத்துக்கு அங்கே இடமில்லை. தீய்ந்த வாசனை வந்தால்தான் அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வரும். படுத்தாலும் எதை விட்டோமோ என்று புரண்டுகொண்டே கிடப்பாள்.

அவள் கணவருக்குப் பேருந்து நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைக்கும் வேலை. பெட்டிக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு சீட்டு. மூளைக்கு வேலையே இல்லாத வேலை என்பது பல்லக்காவின் தீர்ப்பு. அவரும் ஆமாம் போட்டுவிடுவார்.

ஒரு நாள் ஒரு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. "லாரி டிரைவர் வந்திருக்கார். உங்க செட்டைப் போட்டுக்கிட்டுப் பேசினா விசில் வருதாம். பாட்டு டீச்சருக்கு வாய்க்குள்ளேயே போகலையாம். கொஞ்சம் வர்றீங்களா?"

பல்லக்கா கிளினிக்குக்கு ஓடினாள். செட்டுகளில் குறையில்லை, டப்பா மாற்றிப் போட்டிருந்தாள். பாட்டு டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடியபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா எப்படிங்க சமாளிச்சீங்க?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா. புதுச் செருப்பு கடிக்கலையா?" என்றார் அவர், நடுநடுவே விசிலோடு.

அடுத்தவர் வாயில் பட்டதை மாற்றிக் கொடுக்க முடியாது என்பதால் இருவருக்கும் புதிதாகவே செய்து தருவதாக ஒப்புக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்ட கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள்.

"நான் மட்டும் மூஞ்சியைப் பார்த்துப் பெட்டி குடுத்தா என்ன ஆகும்? சீட்டைப் பார்த்துத்தானே குடுக்கறேன்."

"உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணா?"

"எப்படி ஒண்ணாகும்? என்கிட்ட மாறினா சட்டைதான் மாறும்."

மறுநாள் ஒரு கட்டுச் சீட்டும் பிளாஸ்டிக் தட்டுகளும் வாங்கி வந்தார். அச்சு உள்ளே வந்ததும் அதில் எண் கீறி, அதே எண்ணுள்ள சீட்டோடு தனித் தட்டில் வைக்க வேண்டும். அலமாரியில் கிழமைக்கு ஒரு தட்டடுக்கு. போனில் சொல்வதைப் போனை வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

பல்லக்கா எளிதில் மசியவில்லை. முதலில் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அப்புறம்தான் சீட்டைப் பார்ப்பாள். சரியாக இருந்தால் கணவரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். தப்பாக இருந்தால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். போகப் போகக் கவிழ்ப்பதே அதிகமாயிற்று.

பிறகொரு நாள் ஒரு டாக்டர் போனில் ஏதோ கேட்டபோது, "இருங்க டாக்டர், பார்த்துச் சொல்றேன்" என்றாள். சொன்னதும் கூச்சமாக இருந்தது. அவரோ, "நிதானமா பாருங்க" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

அதற்குப்பின் பற்கள் தட்டில் தூங்கின. அவள் கட்டிலில் தூங்கினாள். பால்கூடத் தீயாமல் இறங்கியது.

சங்கடம் கணவருக்குத்தான். சாப்பிடும்போது யாரோ ஒருவர் பெட்டிக்குள் கிளி வைத்துக் கொடுத்த கதையை உற்சாகமாக ஆரம்பித்தார்.

"இதைப் போன மாசமே சொன்னீங்க. அப்போ கிளி பச்சையா இருந்துது, இப்போ வெள்ளைங்கறீங்க" என்றாள் பல்லக்கா.

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நாலைந்து கதைகளையே மாற்றி மாற்றிச் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தார். அவளும் ஒவ்வொரு தடவையும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் அவர் சீட்டைக் கொடுத்துவிட்டு, எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க என்று பயணிகளிடம் விசாரிக்கிறார். வரிசை நீண்டுவிடுகிறது என்று புகார்.