மன்னிக்கும் உரிமை

என் கணவர் வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுவில், கூட வேலை பார்த்த, எங்கள் பக்கத்து ஊர் மாப்பிள்ளையூரணிக்காரன் ஒருவன் ஏதோ வாய்ச்சண்டையில் கம்பியை எடுத்து அடித்துவிட்டான். தூத்துக்குடிக்குத் தந்திதான் வந்தது, உடம்பு வரவில்லை.

சில மாதம் கழித்து, சாத்தான்குளத்தில் வக்கீலாக இருந்த என் அண்ணன் வந்தான். அந்த நாட்டுக் கோர்ட்டு கேட்கிறதாம்: உயிருக்கு உயிர் வேண்டுமா, மன்னிக்கிறீர்களா?

"என்னையா கேக்கான்?"

"ஒன்னத்தாம்ளா. இங்கன நடந்திருந்தா, ஆத்திரத்துல அடிச்சதுன்னு கொலைக்கு ஒருபடி கீழ வச்சு ஜெயில்ல போட்டிருப்பான். எல்லாம் கவர்மென்ட்டு பாத்துக்கிடும். அங்கன செத்தவன் வீட்டு ஆளுதான் முடிவு சொல்லணும்."

வீட்டு ஆள் என்றால் நான் ஒருத்திதான். மாமனார், மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிள்ளையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைப் பெயிலாக்கவே கை வராத டீச்சர் நான். என்னைப் பிடித்து நீதிபதியாக்கிவிட்டார்களே என்று எரிச்சலாக வந்தது.

"நீ என்ன சொல்லுத?" என்றேன்.

"ஒன் இஷ்டம்."

பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னாள். போதகரும்கூட ஜெபம் பண்ணிவிட்டு அதையே சொன்னார்.

துக்க வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மற்ற வீடுகளில் இது கொஞ்ச நாளைக்குத்தான். என் வீட்டிலோ வழக்கு முடியாததால் துக்கமும் முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் சொல்லாமலே எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அடித்தவனின் தாய் வந்தாள். காலில் விழப்போகிறாள் என்று பயந்தேன். விழவில்லை, மகன் பேச்சையே எடுக்கவில்லை. "சாப்பிட்டியா தாயி?" என்றாள். நான் அழுதேன், அவளும் அழுதாள். கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "போயிட்டு வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் வெளிறிப்போயிற்று. காரியமே கெட்டுப்போயிற்று என்று நினைத்திருப்பாள். அத்தனை மாதத்தில் என்னிடம் மறுபடி வருகிறேன் என்று சொன்னது அவள் ஒருத்திதான்.

மறுநாளே மன்னித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"எத வச்சு முடிவு பண்ணின?" என்று அண்ணன் கேட்டான். நான் பேனாவை மூடி அவன் கையில் கொடுத்தேன்.

அடித்தவன் தலை தப்பியது. பிறகு ஊருக்கும் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப நாள் சாயங்காலமானால் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவைத்தேன். அவள் வரவே இல்லை.