ஆர்டிஸுக்குப் பஸ் வேண்டியதில்லை

லிண்ட்சேக்கு எப்படிப் போவது என்று வெளியூர்க்காரர் யார் கேட்டாலும், அதற்குப் பதில் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் ஆர்டிஸ் ஹாகெடார்ன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆற்றுக்கு இக்கரையில் கால்வர், அக்கரையில் லிண்ட்சே. நடுவில் ஒரு பாலம். ஊர் எல்லைப் பலகைகளில் ‘இரட்டை நகரங்கள்’ என்று எழுதியிருக்கும். ‘பங்காளிகள்’ என்று எழுதியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும். இவர்கள் ஒரு நீச்சல் குளம் கட்டினால், அவர்கள் அதைவிட இரண்டு கை நீளமாக ஒன்று கட்டாமல் தூங்க மாட்டார்கள்.

ஆர்டிஸின் வீடு கால்வரில், அலுவலகம் லிண்ட்சேயில். சுற்றுலா வருகிறவர்களுக்கு உதவும் அலுவலகம் என்று பெயர். எங்கள் ஊருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் என்றால் கல்யாணத்துக்கு வருகிறவர்கள், சாவுக்கு வருகிறவர்கள், நெடுஞ்சாலையில் தப்பான இடத்தில் திரும்பிவிட்டவர்கள். அவர்களுக்காக ஆர்டிஸ் தன் கையாலேயே ஒரு வழிகாட்டி எழுதி அச்சடித்து வைத்திருந்தாள். ‘வாருங்கள், வழிகள் ஆறு’ என்று தலைப்பு.

அந்த ஆறு வழிகளையும் படித்தால் கண்ணில் நீர் வரும். ‘அமைதியான சிறு விமான நிலையம்’ என்று இருக்கும். அமைதிக்குக் காரணம், அங்கே இறங்கியவன் வெளியே வர ஒரு வண்டி கிடையாது. ‘நட்சத்திர ஒளியில் ரயில் பயணம்’ என்றால், நாற்பது மைல் தெற்கே ஏதோ ஒரு ஊரில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ரயில் நின்றுவிட்டுப் போகும் என்று பொருள். நெடுந்தூரப் பஸ் பெட்ரோல் பங்க் வாசலில் நிற்கும், ஓட்டுநருக்கு நினைவிருந்தால். டாக்சி உண்டு. டுவேன் என்று ஒரே ஆள், ஒரே வண்டி. முதல் பனி விழுந்ததும் அவன் டெக்சாஸுக்குப் போய்விடுவான். ஆற்றோரச் சைக்கிள் பாதை அழகாக வளைந்து வளைந்து போய் ஒரு சோளக்காட்டுக்குள் முடிந்துவிடும். ‘விவசாய வாழ்வை நெருங்கிப் பார்க்கலாம்’ என்று ஆர்டிஸ் எழுதியிருந்தாள். ஆறாவது வழி நடை. பாலத்தில் நடைபாதை இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

ஆர்டிஸ் பொய் சொல்லத் தெரிந்தவள் அல்ல. இந்த வழிகளில் ஒன்றிலாவது அவள் ஒருநாளும் போனதில்லை, அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவளுக்கும் தெரியும். அதனால் தொலைபேசியில் ஆறு வழிகளையும் ஒப்பித்து முடித்துவிட்டு, “இப்ப எங்க நிக்கறீங்க? அங்கயே இருங்க, நான் வரேன்” என்பாள். தன் நீலக் காரை எடுத்துக்கொண்டு போவாள். இப்படி எத்தனையோ மாப்பிள்ளைகளையும் சித்தப்பாக்களையும் ஒரு தடவை ஒரு சவப்பெட்டிக்கு வந்த மலர்வளையத்தையும் அவள் பாலம் கடத்தியிருக்கிறாள். லிண்ட்சேக்கு எப்படிப் போவது என்பதற்கு உண்மையான பதில் ஒன்றே ஒன்றுதான்: ஆர்டிஸ்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொண்டால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். காப்பி வேணுமா என்றால், “ஐயோ, வேண்டாம்.” நிஜமாகவா என்றால், “உங்களுக்கு எதுக்குச் சிரமம்.” மூன்றாவது தடவையாக, “ஏற்கெனவே போட்டாச்சு, வீணாப் போகும்” என்றால்தான், “அப்படின்னா அரைக் கோப்பை.” அதன் பிறகு முழுக்கோப்பையாக மூன்று குடிப்பார்கள், அது வேறு விஷயம். காலஞ்சென்ற நார்பர்ட் ஹாகெடார்ன் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் ஆர்டிஸ் இரண்டு தடவை வேண்டாம் என்றுதான் சொன்னாள். முறை தெரிந்த குடும்பத்துப் பையன், மூன்றாவது தடவையும் கேட்டார்.

அறுபத்தாறாவது வயதில் ஆர்டிஸின் கண் நடுவில் மங்க ஆரம்பித்தது.

“ஓரத்துல எல்லாம் நல்லாவே தெரியுது உங்களுக்கு. நடுவுலதான் கொஞ்சம்…” என்றார் கண் மருத்துவர்.

“ரோடு நடுவுலதானே டாக்டர் இருக்கு?” என்றாள் ஆர்டிஸ்.

ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாரும் பிடுங்கவில்லை, ஒரு குழந்தையை இடித்துவிட்டு வருத்தம் தெரிவித்து அட்டை அனுப்புகிற ஆள் அல்ல அவள். நீலக் கார் கொட்டகையில் தூங்கியது. கொஞ்ச நாள் அடுத்த வீட்டு டார்லா வேலைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போனாள். டார்லா தன் மகனோடு இருக்க ஒமாஹாவுக்குப் போனதும் அதுவும் நின்றது. மிச்சம் டுவேனின் டாக்சி, அதுவும் முதல் பனி வரைக்கும்தான். அதன் பிறகு ஊருக்கெல்லாம் வழி சொன்னவளுக்கு வேலைக்குப் போக வழியில்லை. வேலை போனால் வீட்டு வரியைக் கட்ட முடியாது, வீட்டை விற்றுவிட்டு எங்கேயாவது ஒரு முதியோர் விடுதியில் ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும். எந்த ஜன்னல் என்றாலும் நடுவில் தெரியாது.

அப்போதுதான் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பஸ் விடப் பணம் தருகிறேன் என்று மாநில அரசு சொன்னது. தேவை இருக்கிறது என்று ஊர்க்காரர் யாராவது சொன்னால் போதும். ஊரில் கருத்துக் கேட்டார்கள். பஸ் நல்லதா என்றால் எல்லோரும் நல்லது என்றார்கள். நீங்கள் ஏறுவீர்களா என்றால், “எனக்கு வேண்டாம், வேற யாருக்காவது உபயோகப்படும்” என்றார்கள். அந்த வேறு யாரைத் தேடினாலும் ஒருவரும் அகப்படவில்லை.

இரு நகர மன்றங்களும் சேர்ந்த கூட்டம் லிண்ட்சேயில் நடந்தது. உறுப்பினர்கள் ஏழு பேர். தலைவர் லைல் போக்கெல்மன், கால்வரில் விதை வியாபாரம் செய்கிறவர், ஆர்டிஸைவிட நான்கைந்து வயது சின்னவர், நல்ல மனிதர். எங்கள் பக்கத்தில் எல்லோருமே நல்ல மனிதர்கள்தான்; வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. வேலை முடிந்து ஆர்டிஸ் நேராக அங்கே போய் உட்கார்ந்தாள். மடியில் ஒரு டப்பா லெமன் பார், அவள் கையால் செய்த எலுமிச்சை இனிப்பு. அந்த வாரம் முழுக்கக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, “ஆமா, எனக்கு வேணும்” என்று சொல்லிப் பழகியிருந்தாள். கண்ணாடியிடம் சுலபமாகத்தான் வந்தது.

“பஸ் விட்டா நம்ம ஜனங்க எல்லாம் இங்க வந்து சாமான் வாங்குவாங்க. நம்ம கடைகள் என்ன ஆகும்?” என்றார் கால்வர் உறுப்பினர் கோனி ஸ்ட்ரூத். வீடு விற்றுக் கொடுப்பது அந்த அம்மாளின் தொழில்.

“வந்தா எங்க பார்க்கிங் இடத்தை எல்லாம் அடைச்சுக்குவாங்க” என்றார் ஒரு லிண்ட்சே உறுப்பினர். பஸ்ஸில் வருகிறவன் காரைக் கையில் தூக்கிக்கொண்டு வர மாட்டான் என்று அவருக்கு எடுத்துச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று எல்லோரும் பேசாமல் இருந்தார்கள்.

லைல் ஆர்டிஸைப் பார்த்தார். “ஆர்டிஸ், நீங்களே சொல்லுங்க. ஒரு பஸ் இருந்தா உங்களுக்கு உதவியா இருக்குமா?”

ஆர்டிஸ் எழுந்தாள். ஏழு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. “ஐயோ, எனக்காக நீங்க யாரும் சிரமப்பட வேண்டாம்” என்றது அவள் வாய்.

“நிஜமாத்தான் சொல்றீங்களா?”

“எப்படியோ சமாளிச்சுக்கறேன்.”

லைல் மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறந்தார். ஆர்டிஸ் ‘ஆமா’வை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கூட்டங்கள் இழுத்துக்கொண்டே போகின்றன என்று கடற்கரை நகரம் ஒன்றிலிருந்து ஒரு ஆளைப் புதிதாக வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஒருவர் பேச இவ்வளவு நேரம்தான் என்று அவன் ஒரு மேஜை மணி வைத்திருந்தான். அவன் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம். “பயனாளி தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்தது, பூங்கா நாற்காலிகளுக்குப் பெயிண்ட்” என்றான்.

வேறு ஊராக இருந்தால் அவள் அங்கேயே கத்தியிருப்பாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆர்டிஸ் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, லெமன் பாரை எல்லோருக்கும் கொடுத்தாள். மணிக்காரன் முதல் தடவையே இரண்டு எடுத்துக்கொண்டான்.

கூட்டம் முடிந்ததும் ஏழு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு வீட்டில் விடுகிறேன், எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க என்று போட்டி போட்டார்கள். மூன்று தடவை முதலில் கேட்டு முடித்தவர் லைல், அவர் வண்டியில் ஏறினாள்.

“இதுக்குத்தான் சொல்றது, நமக்கு பஸ் எதுக்கு? ஒருத்தருக்கொருத்தர் நாம இல்லையா?” என்றார் லைல்.

பாலத்தின் நடுவில் ஆர்டிஸ் சொன்னாள்: “எனக்கு வேணும், லைல்.”

“என்னது?”

“பஸ்.”

லைல் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். “அங்கயே சொல்லியிருக்கலாமே.”

“நீ மூணாவது தடவை கேக்கலியே.”

“மணி அடிச்சிருச்சு, ஆர்டிஸ்.”

“ஆமா. அடிச்சிருச்சு.”

“அடுத்த வருஷம் மறுபடி எடுத்துக்கலாம்” என்றார் லைல். உண்மையிலேயே வருத்தப்பட்டார். “அதுவரைக்கும் எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. ஒரு போன் போதும்.”

இப்படிச் சொல்வதும் முறை, கூப்பிடாமல் இருப்பதும் முறை. இந்த இரண்டு முறைகளின் மேல்தான் எங்கள் ஊரே நின்றுகொண்டிருக்கிறது. ஆர்டிஸ் கதவைத் திறந்து இறங்கினாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

“அப்ப நாளைக்குக் காலைல ஏழே முக்காலுக்கு வந்துரு” என்றாள்.

லைல் வந்தார். வராமல் என்ன செய்வார்? ‘மாட்டேன்’ என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் வாயில் வைத்துக்கொள்வதில்லை. மறுநாள் கோனி. அதற்கு மறுநாள் பார்க்கிங் கவலைக்காரர். அவர் லிண்ட்சேயிலிருந்து பாலம் கடந்து வந்து அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி பாலம் கடந்து போனார், சாயங்காலம் அதையே திருப்பிச் செய்தார். ஏழு பேரும் எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க என்று சொன்னவர்கள்தானே. ஆர்டிஸ் கூப்பிட்டாள்.

அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து, வைத்துவிட்டு, மறுபடி எடுத்தாள். பிச்சைக்காரி ஆகிவிட்டோமே என்று அழுதிருக்கிறாள். வண்டியில் ஏறியதும் அவர்கள் பேசியதற்கெல்லாம் சிரிக்க வேண்டும், அவர்கள் வைத்த பாட்டைக் கேட்க வேண்டும், அவர்கள் வைத்த சூட்டில் வேக வேண்டும். ஆனாலும் கூப்பிட்டாள். கூச்சம் ஒரு பக்கம் இருக்க, கோபம் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டிருந்தது.

ஜனவரி வந்தது. மூக்கை வெளியே நீட்டினால் திரும்பக் கிடைக்காத குளிர். விடியலுக்கு முன்னால் நகர மன்ற உறுப்பினர்கள் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, மனைவியை அனுப்பினார். ஒருவருடைய பசு அடிக்கடி கன்று போட்டது. ஒரே பசு, ஒரே மாதத்தில் மூன்று தடவை. கோனி ஒருநாள் வீடு பார்க்க வந்த டென்வர் தம்பதியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டே ஆர்டிஸை ஏற்ற வந்தார்.

“இங்க பஸ் இருக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“இல்லம்மா” என்றாள் ஆர்டிஸ். இந்தக் கேள்விக்கு அவள் கொடுத்த மிகச் சுருக்கமான பதில் அதுதான். அவர்கள் கால்வரில் வீடு வாங்கவில்லை.

பிப்ரவரியில் அவசரக் கூட்டம் போட்டார்கள். ஆர்டிஸைக் கூட்டிவருவது அன்று பசுக்காரரின் முறை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

“இந்த பஸ் நம்மில் யாருக்காவது…” என்று லைல் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் ஆறு கைகள் மேலே போயின. லைலே தன் கையையும் தூக்கிக்கொண்டார். மணிக்காரன் மணியைத் தொடக்கூட நேரமில்லை. பொதுமக்களின் நெடுநாளைய கோரிக்கையை ஏற்று என்று தீர்மானம் எழுதினார்கள். அந்தப் பொதுமக்கள், அதாவது ஆர்டிஸ், கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பனி உருகியதும் பஸ் வந்தது. பஸ் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, பன்னிரண்டு பேர் உட்காரும் வெள்ளை வண்டி. முதல் நாள் சாயங்காலம் ஆர்டிஸும் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் மட்டும் ஏறினார்கள். ஆர்டிஸ் இரண்டு டாலரைப் பெட்டியில் போட்டாள். ஓட்டுநர் வெளியூர் ஆள். அவள் கண்ணைப் பற்றி விசாரிக்கவில்லை, நார்பர்ட்டைத் தெரியும் என்று சொல்லவில்லை, குளிர் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. பாலம் முழுக்க ஆர்டிஸ் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தாள். சிரிக்கவும் இல்லை.

தெருமுனையில் இறங்கும்போது நன்றி சொன்னாள். ஓட்டுநர் தலையை ஆட்டினான், கதவு மூடியது, பஸ் போய்விட்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஏழு பேரும் அவள் பூட்டைத் திறந்து விளக்குப் போடும்வரை வாசலில் வண்டி விளக்கை எரியவிட்டுக் காத்திருப்பார்கள். அவள் நன்றாகத் தெரியாத கண்ணோடு அவசர அவசரமாகச் சாவித்துவாரத்தைத் தேடித் திறந்து, திரும்பிக் கையசைத்த பிறகுதான் போவார்கள். இன்று தெரு காலியாகக் கிடந்தது. ஆர்டிஸ் படியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, தன் இஷ்டத்துக்குச் சாவியைத் தேடினாள்.