காகிதத்தில் கணினி பழகுகிறவர்

சாப்பாட்டு அறையின் மூலை மேசையில் உட்கார்ந்து அக்கா ஒரு காகிதத்தை ஆள்காட்டி விரலால் அழுத்துகிறார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுக்கிறார். சாப்பாட்டு டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. காகிதத்தில் இருப்பது, நான் சொல்லித்தருகிற புதிய மென்பொருளின் ஒரு திரை. இப்படி முப்பத்தோரு திரைகளை என்னிடம் கெஞ்சி அச்செடுத்து வாங்கியிருக்கிறார். பொத்தான் இருக்கிற இடமெல்லாம் விரல் பட்டுக் கருத்துவிட்டது.

எல்லோரும் அவரை அக்கா என்கிறார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. குழாய்களும் குழாய் இணைப்புகளும் விற்கிற இந்த நிறுவனத்தில், எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏறி எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவர். பத்தொன்பது ஆண்டுகளாக இதைத் தடித்த நோட்டுகளாலும் தன் குரலாலும் செய்துவந்தார். அது சாதாரணக் குரல் இல்லை. அவர் ஓர் அதட்டல் போட்டால், குடோனின் அந்தக் கோடியில் வண்டியைப் பின்னால் எடுக்கிற டிரைவர் பிரேக்கை மிதிப்பார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தக் குரல் எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. "கேக்கலக்கா, கொஞ்சம் சத்தமா" என்று நான் காதை நீட்ட வேண்டியிருக்கிறது.

பயம்தான். வேறு பெயர் வைத்து அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் ஆறு பேர். மென்பொருள் வந்த பிறகு நான்கு பேர் போதும் என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நான்கு பேர் யார் என்று முடிவுசெய்யும் வெள்ளிக்கிழமைத் தேர்வில் மதிப்பெண் போட வேண்டியவன் நான். அக்காவின் கணவர் லாரி ஓட்டியவர். முழங்கால் முறிந்து ஒன்றரை ஆண்டாக வீட்டோடு இருக்கிறார். அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மற்ற ஐந்து பேரும் தனித்தனியே வந்து சொன்னார்கள். அவர்களுக்கும் அதே தேர்வுதான்.

வகுப்பில் தண்ணீர் குடிக்க மாட்டார், எழுந்து போனால் ஏதாவது ஒரு படி விட்டுப்போகும் என்று. ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தட்டுவார். நிமிர்ந்து திரையில் அது வந்துவிட்டதா என்று பார்ப்பார். பிறகுதான் அடுத்த எழுத்து. கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்று நான் சொல்லித் தொலைத்தேன். மறந்துவிடாமல் இருக்க நாள் முழுக்க அதை முணுமுணுக்கிறார். இப்போது அது பிரிவு முழுவதற்கும் மனப்பாடம். திரையில் எதிர்பாராமல் எது முளைத்தாலும் மௌஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணல சார். அதுவா வந்துச்சு."

"வந்தா என்னக்கா? என்ன கேக்குதுன்னு படிச்சுப் பாருங்க."

"படிக்கறதுக்குள்ள அது வேற ஏதாவது பண்ணிட்டா?"

வீட்டில் கணவர்தான் கணினி. காகிதக் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருப்பாராம். அக்கா சரியான இடத்தில் அழுத்தினால் அடுத்த திரையை மேலே வைப்பார். "என்னைவிட அவரு நல்லா கத்துக்கிட்டாரு சார். பேசாம அவரையே வேலைக்கு அனுப்பிடலாம்" என்று சிரித்தார். தப்பாக அழுத்தினால் என்ன செய்வார் என்று கேட்டேன். "பாவம், 'பரவால்ல விடு'ன்னு அடுத்த தாளை வெச்சிருவாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு என்று சொல்கிற திரையை அவர் வீட்டில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒரு கடையின் ஆர்டரை எடுத்து, சரக்கு ஒதுக்கி, வண்டிச் சீட்டு அச்சாகும்வரை போக வேண்டும். மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைப்பேசியில் நேரம் பார்ப்பார். தேர்வு எழுதுகிறவரிடம் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தத் தேர்வு செல்லாது. நடுவில் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வரும்படி அவர் அமைக்கச் சொல்லியிருந்தார்: கேட்டது நாற்பது, இருப்பு முப்பத்தாறு. கீழே 'இருப்பதை அனுப்பு' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் முடிந்தது. முதலில் வந்த ஐந்து பேரில் மூவர் அழுத்தித் தேறினார்கள், இருவர் நேரம் போதாமல் விழுந்தார்கள். ஓர் இடம் மிச்சம் இருந்தது.

அக்கா உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாக வந்தது, ஆனால் பிழையில்லாமல் வந்தது. ஐந்தாம் நிமிடம் சிவப்புப் பெட்டி முளைத்தது. கை மடிக்குப் போய்விட்டது. படியுங்கள் அக்கா, அது ஒன்றும் கடித்துவிடாது என்று மனத்துக்குள் கத்தினேன். அவர் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"நாப்பதுக்கு முப்பத்தாறுதான் இருக்குங்குது" என்று மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா. நேரம் ஓடுது."

"பாக்காம எப்படிங்க அனுப்பறது? ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார்.

தேர்வுக்கான எண்களெல்லாம் நான் கற்பனையாகப் போட்டவை. முதல் நாளே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சரக்கின் பெயர் மட்டும்தான் நிஜம். அந்த முப்பத்தாறுக்கும் குடோனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பயத்தில் அவருக்கு அது மறந்துபோயிற்று.

"எங்க போறாங்க?" என்றார் மேலாளர்.

"எண்ணிப் பாக்கப் போறாங்க சார்."

"எதை?"

நான் ஓடிப்போய் அழைத்து வந்திருக்கலாம். பயிற்சி முடிந்தது என்று அந்த மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அடுத்த நிறுவனத்தில் வேலை. கால் நகரவில்லை. ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் குடோன் முழுவதும் தெரிந்தது. அக்கா ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து, கீழ்த்தட்டிலிருந்து பெட்டிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியபடி மேலே ஏறினார். மூன்றாம் தட்டுக்குப் போனபோது பதினோராம் நிமிடம் தொடங்கிவிட்டது. மேலாளர் கைப்பேசியால் கண்ணாடியைத் தட்டினார். அக்கா திடுக்கிட்டுத் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. ஏணியை இறுகப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கீழ்த்தட்டின் முதல் பெட்டிமேல் கையை வைத்தார். உதடு 'ஒண்ணு' என்று அசைந்தது.