கல்லுக்குழிக் கரைப் பாதை

எங்கள் ஊர் அமராவதிபுதூருக்குத் தெற்கே இருக்கிறது. தெருவெல்லாம் மணல். சைக்கிளைக்கூடத் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். சக்கரம் புதையாமல் உருளும் இடம் ஒன்றுதான் இருந்தது, கல்லுக்குழிக் கரை. செம்பூரான்கல் வெட்டி வெட்டி ஒரு தெருவையே இறக்கி வைக்கும் அளவுக்கு ஆழமாகிப்போன பள்ளம் அது. நான் அதற்குள் கல் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே விளிம்பை ஒட்டிக் கல் ஏற்றும் மாட்டு வண்டிகள் போய்ப் போய்ப் பாதை சிமெண்டுத் தரை மாதிரி இறுகியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் என் மனைவி சாரத்திலிருந்து விழுந்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து பிழைத்து வந்தாள். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒரு மர நாற்காலியில் பழைய சக்கரங்களை மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நகர அது உதவியது. வாசலைத் தாண்டினால் மணலில் இறங்கி நின்றுவிடும்.

அவளுடைய அண்ணன் குன்றக்குடிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். ஒருநாள் வந்து, தங்கையைத் தாய் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவதாகச் சொன்னார். தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட பொம்பளை ஆள் வேண்டும், வேலைக்குப் போகிற நான் எப்படிப் பார்ப்பேன் என்றார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புதன்கிழமை வண்டி கொண்டுவருவதாகச் சொல்லி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஒருவர் முன்னால் வருவதும் கஷ்டம்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பிடரியைத் தடவினேன். எங்கள் பக்கத்தில் ஆம்பளை வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் மனைவியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. ஆனால் வந்த வீட்டில் விருந்தாளி பேசுவதுபோல, பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்லுக்குழியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றாள். கல்யாணமான புதிதில் எனக்குக் கஞ்சி கொண்டுவந்த பாதை. மணலில் நாற்காலியை இழுத்துத் தூக்கி, மறுபடி இழுத்து, கரைக்குப் போகிற திருப்பத்தை அடைவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அங்கே ஒரு டீக்கடை. எங்கள் ஊரில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி தள்ளிப் பின்னால் வருவாள். நாங்கள் போன வரிசை தலைகீழாக இருந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர், "என்னப்பா, ஆத்தாவ முன்னால விட்டு எங்குட்டு ஊர்வலம்?" என்றார். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது.

"சாமி புறப்பாடுண்ணே. எந்திரிச்சுக் கும்பிட்டுக்கிருங்க" என்றாள் அவள். பெஞ்சே சிரித்தது. நான் தள்ளினேன்.

கரை ஏறியதும் நாற்காலி லேசாகிவிட்டது. ஒரு கையாலேயே தள்ள முடிந்தது. வலது பக்கம் பள்ளம். வெட்டிய சுவர்கள் வெயிலில் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காகத் தெரிந்தன. அடியில் மழைத் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. எதிர்ச்சுவர் பொந்துகளிலிருந்து பஞ்சுருட்டான் குருவிகள் கிளம்பித் தண்ணீர்மேல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பின. தினமும் உள்ளே நின்று மேலே பார்த்தவன் நான். மேலே நின்று பார்த்தது குறைவு. பாதை பள்ளத்தின் பக்கம் சாய்கிற இடத்தில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேற்கே குன்றக்குடி மலை தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். போவதற்குத்தான் ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். பிறகு, புளி எந்தப் பானையில் இருக்கிறது, கஞ்சிக்கு உப்பை எப்போது போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவள் பின்தலைதான் எனக்குத் தெரிந்தது.

"உங்க அண்ணன்கிட்ட நான் சரின்னு சொல்லல" என்றேன்.

"வேணாம்னும் சொல்லலையே."

"எனக்குப் பேச வரல."

"இப்ப வருது?"

"நீ அங்குட்டுப் பாத்துக்கிட்டு இருக்க. அதான்."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. "சரி, நான் திரும்பல. சொல்லுங்க" என்றாள்.

போக வேண்டாம் என்றேன். காலையில் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன், மத்தியானம் ஒருநடை வீட்டுக்கு வருகிறேன், நடுவில் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றேன். அந்த அக்காவிடம் கேட்டீர்களா என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

"அவுகள நான் கேட்டுக்கிறேன். அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் அவர் வண்டியோடு வந்தார். வைக்கோல் பரப்பி, அதன்மேல் அவர்கள் அம்மா தைத்துக் கொடுத்த புதுப் பஞ்சு மெத்தையை விரித்திருந்தார். வரவேற்று, மோர் கொடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்வரை நான் சொல்லவில்லை. என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தூக்கக் குனிந்தபோது சொன்னேன்.

"மச்சான், அவ இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

அவர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன மாப்ள? மாட்டப் பூட்டிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்க மாட்டேன்ல" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மெத்தையை மட்டும் உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

வண்டிச் சத்தம் மறைந்த பிறகு அவளை அந்த மெத்தையில் படுக்க வைத்தேன். முகத்தை அதில் புதைத்துக்கொண்டு, அம்மா அம்மா என்று வெகுநேரம் அழுதாள். இருக்கச் சொன்னது நான்தான். இருப்பதற்கு அவள் எதை விட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. உலை வைக்க அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, உப்பு எப்போது போட வேண்டும் என்று இன்னொருதரம் கேட்டேன்.