நெம்மேலி சேகர் குடும்பத்தார் விரும்பிக் கேட்ட பாட்டு

அப்பா சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தக் காசில் ஒரு கேசட்டும் வெளியிட்டவர். எல்லாம் சொந்தமாக இருந்ததால் நஷ்டத்திலும் யாரும் பங்குக்கு வரவில்லை. விற்காத கேசட்டுகள் கூடுவாஞ்சேரியில் எங்கள் வாடகை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி உண்டோ இல்லையோ, கையில் ஒரு கேசட் கொடுத்துத்தான் அனுப்புவோம். கிடாரை விற்றுச் சாப்பிட்டு, மேடை ஏறாமல் நான்கு வருஷம் ஓடியிருந்தது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் மாதா கோயில் திருவிழாவுக்குப் பாட அவரைக் கூப்பிட்டார்கள். அதே வாரம் அம்மாவின் அண்ணன் ஒரு கம்பெனியில் அவருக்கு ஸ்டோர் கீப்பர் வேலை பேசி முடித்திருந்தார். ஞாயிறு திருவிழா. திங்கள் வேலையில் சேர வேண்டும்.

“இந்த ஒரு ப்ரோக்ராம் பாத்துட்றேன். என் பாட்ட ஒருத்தனும் கேக்கலன்னா திங்கக்கெழம வேலைக்குப் போய்ட்றேன். கேட்டாங்கன்னா, இன்னும் ஒரு வருசம் என்னை வுட்டுடு,” என்றார் அப்பா.

“இன்னாவோ பண்ணுய்யா,” என்றாள் அம்மா, அரிசி டின்னைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே.

அந்த மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. சினிமாப் பாட்டுதான் பாட வேண்டும். கூட்டத்திலிருந்து சீட்டு எழுதிக் கேட்டால் மட்டும் வேறு பாட்டு. சீட்டில் ஊரும் பேரும் இருக்க வேண்டும். தங்கள் பெயர் மைக்கில் வருவதைக் கேட்கவே பாதிப் பேர் எழுதுவார்கள். இது போதாதா எனக்கு? கணக்கு நோட்டில் தாள் கிழித்து, அப்பாவின் ‘ஈரமணல்’ பாட்டைக் கேட்டு ஆறு சீட்டு எழுதினேன். எழுத எழுதத் துணிச்சல் வந்துவிட்டது. ‘நெம்மேலி சேகர், அவர் மனைவி, அவர் மாமியார் மற்றும் குடும்பத்தார்’ என்பதுவரை போய்விட்டேன். மாமியாரைச் சேர்த்தால்தான் நிஜம்போல் இருக்கும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். இரவல் கிடாரோடு அப்பா மேடை ஏறினார். சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்தது தூரத்தில் தெரியவில்லை. நாலைந்து சினிமாப் பாட்டு ஆனதும், கூட்டத்துக்குள் புகுந்து போய், மேடை ஓரத்தில் சீட்டுக்கென்று வைத்திருந்த தட்டில் போட்டுவிட்டு வந்தேன். அறிவிப்பாளர் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது முறை ‘ஈரமணல்’ வந்ததும் சிரித்துவிட்டார்.

“இன்னா அண்ணாத்த, உன் பாட்டத்தான் கேட்டுகினே கீறாங்கோ!”

அப்பா மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு பாடினார். முன்வரிசையில் சிலர் வேர்க்கடலை வாங்க எழுந்து போனார்கள், சிலர் கை தட்டினார்கள். அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவ்வளவு நன்றாக அவர் பாடி நான் கேட்டதில்லை.

திரும்பும்போது செங்கல்பட்டு பஸ்ஸில் அப்பா சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். “பாரு, நெம்மேலில ஒரு குடும்பமே கேட்டுக்கீது. மாமியாரு கூட!”

அம்மா ஆறையும் படித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அடி நிச்சயம் என்று நினைத்துத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆமாய்யா. நெறைய பேரு கேட்டுக்கீறாங்க,” என்ற அவள் குரல் மட்டும் கேட்டது. அவளுக்குத் தெரியவில்லை, தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. அடுத்த வாரமே அம்மா தாம்பரம் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டும் வேலையில் சேர்ந்தாள். அப்பா கேட்ட ஒரு வருஷம் ஆறு வருஷமாக நீண்டது. அதில் ஏறிய மேடைகள் ஐந்தோ ஆறோதான். எதிலும் ‘ஈரமணல்’ கேட்டு ஒரு சீட்டும் வரவில்லை. ஒருமுறை நெம்மேலிக்கே போய்ச் சேகரைத் தேடியிருக்கிறார். “எந்த சேகரு? நாலு சேகர் கீறான்,” என்றார்களாம். நான்கு பேருக்கும் ஆளுக்கொரு கேசட் கொடுத்துவிட்டு வந்து, ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, கூச்சப்படுகிறார்கள் என்றார். அன்று நான் சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பாவம் என்னுடையதுதான்.

ஆனால் அப்போது என் கோபமெல்லாம் அம்மாமேல் இருந்தது. ஆறு மணி ரயிலுக்கு அவள் ஓடிவிடுவதால் கோணல் பின்னலோடு நான் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் விரல்களில் கத்தரிக்கோல் தழும்போடு வந்து, சோறு வடித்துவிட்டு, அப்பா பாடும்போதே அசதியில் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். தினமும் என் கணக்கு நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான், சீட்டில் இருந்தது என் எழுத்து என்று அவளுக்கு அன்றே தெரிந்திருக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. யார் யாரோ கேட்டதாக நான் எழுதிப் போட்ட பாட்டை, கூடவே இருக்கிறவள் ஒருநாளாவது பாடச் சொல்லிக் கேட்டாளா என்று அவளோடு வெகுநாள் சரியாகப் பேசாமல் இருந்தேன்.