அக்காவின் கை என்ன செய்யும்

என் அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை. இறந்தவர்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, வீட்டார் பார்த்துப் பதறாதபடி துணி உடுத்தி அனுப்புவாள். "என்கிட்ட வந்தவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல" என்று பெருமையடித்துக்கொள்வாள். அவளுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான். எனக்கும்தான், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

ஆனால் சாமி கும்பிடும் இடத்துக்கு மட்டும் வரமாட்டாள். பல வருஷத்துக்கு முன்னால், அவள் வேலையைத் தெரிந்துகொண்ட ஒருத்தர் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் "நீ வெளியிலயே நில்லும்மா" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் எந்த வாசலையும் மிதிக்கவில்லை. இந்த முறை நான் விடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் பழைய வழிபாட்டுக் கூடம் இருக்கிறது, ஒரு தடவையாவது அவள் உள்ளே போய் நிம்மதியாக உட்கார வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று இழுத்துக்கொண்டு போனேன்.

ஜீப் வளைவுக்கு வளைவு எங்களைத் தூக்கிப் போட்டது. பாதை முடிந்த இடத்தில் இறங்கி, தொங்குபாலம் தாண்டி, ஓடையோரமாக நடந்தோம். கல் வீடுகளுக்கு நடுவே மரக்கூரை போட்ட கூடம். மணி கிடையாது, சிலை கிடையாது. உள்ளே ஒரு தீ மட்டும் அணையாமல் எரியுமாம்.

வாசலில் கம்பளி போர்த்திய காவல்காரம்மா ஒருவர் நின்றிருந்தார். பேரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. உள்ளே போகிறவர்களிடம் "உங்க கை என்ன செய்யும்?" என்று மட்டும் கேட்டார்.

"ரொட்டி சுடும்" என்றார் எங்களுக்கு முன்னால் நின்றவர்.

"ஆஸ்பத்திரி வேலைன்னு சொல்லி நிறுத்திக்கோ" என்று அக்காவின் காதில் ஓதினேன்.

"ஏன், நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றாள்.

நான் "துணி தைக்கும்" என்று சொல்லி நகர்ந்தேன். அக்கா நிமிர்ந்து நின்று, கணீரென்று, "செத்துப்போனவங்களைக் குளிப்பாட்டும்" என்றாள்.

காவல்காரம்மா உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன். அவளை வெளியே நிறுத்தினால் பள்ளத்தாக்கே கேட்கும்படி கத்துவது என்று முடிவுகட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

கத்த வேலையே வரவில்லை. இரண்டு பெண்கள் வந்து அக்காவின் கைகளைப் பிடித்துக் கூட்டிப்போய், தீக்குப் பக்கத்தில் முதல் இடத்தில் உட்காரவைத்தார்கள்.

"கடைசிக் குளியல் செய்யற கைதான் இங்க பெரிய கை" என்றார் காவல்காரம்மா. "சொந்தக்காரங்களுக்குச் செய்யவே எங்களுக்கு நடுங்குது. நீங்க முன்னே பின்னே தெரியாதவங்களுக்குச் செய்யறீங்களே."

அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "என் கூடப் பிறந்தவ" என்று பக்கத்திலிருந்தவரிடம், அவர் கேட்காமலேயே சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

அப்போது ஓர் இளம் தாய் தன் பச்சைக்குழந்தையை அக்காவிடம் நீட்டினாள். "புதுசா பிறந்த பிள்ளையை முதல்ல இந்தக் கையிலதான் கொடுப்போம். நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லுங்கக்கா."

அக்கா வேலையில் செய்வது போலவே ஒரு கையால் பிடரியைத் தாங்கிக் குழந்தையை வாங்கினாள். அதன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"இந்தக் கைக்குத் திரும்பி வர அவசரமே படாதடா தங்கம்" என்றாள். "பல்லெல்லாம் கொட்டி, பேரன் பேத்தியெல்லாம் எடுத்து, நல்லா சலிச்சுப்போயி, மெதுவா வா."