மூன்றாவது போத்தல்

எங்கள் விஞ்ஞான ரீச்சரிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வராது. இன்னொரு கேள்விதான் வரும். "நீர் எப்பிடிக் கண்டுபிடிப்பீர்?" என்பார். இவ படிப்பிக்க வந்தவவோ, பிள்ளைகளிடம் கேட்டுப் படிக்க வந்தவவோ என்று எங்கள் ஊரான நாரந்தனைத் தாய்மார் முணுமுணுத்தார்கள். எனக்கோ அவர் மேல் உயிர்.

ஏழாம் வகுப்பில், ஊர்க் கிணறுகளில் எது உப்புக் குறைந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வழியையும் நாங்களே யோசிக்க வேண்டும். மூன்று கிணற்றுத் தண்ணீரை, எந்தக் கிணறு என்று சொல்லாமல் பெரியவர்களுக்குக் குடிக்கக் கொடுப்பது, மிச்சத்தை மறுநாள் வகுப்பில் வற்றக் காய்ச்சி அடியில் படியும் உப்பைப் பார்ப்பது என்று நான் திட்டம் போட்டேன். பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு.

மூன்றாவது போத்தலைச் சின்னம்மா வீட்டுக் கிணற்றில், அம்மாவுக்குத் தெரியாமல் நிரப்பினேன். அது அம்மா பிறந்து வளர்ந்த வீடு. அது சின்னம்மாவுக்குச் சீதனமாகப் போனபின், கிணற்றுப் பங்கில் தொடங்கிய வாய்த்தர்க்கம் முற்றி, அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாங்கள் எங்கள் கிணற்றின் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீரைக் குடித்தோமே தவிர, அந்தப் பக்கம் போகவில்லை.

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மா முதல் இரண்டையும் ருசி பார்த்து முகம் சுளித்தார். மூன்றாவதில் ஒரு மிடறு குடித்தார். பிறகு நிறுத்தவேயில்லை. கண்ணீர் வழிய வழிய முழுவதையும் குடித்து முடித்தார்.

"ஐயோ அம்மா! நாளைக்குக் காய்ச்ச வேணுமெல்லோ!"

"கத்தாத. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"எந்தக் கிணறெண்டு தெரியாமல் எங்க போவியள்?"

அம்மா வெறும் போத்தலோடு போய்விட்டார். என் ஆராய்ச்சி பாழாய்ப் போகுதே என்று அழுகை முட்டிக்கொண்டு வர, பொழுதுபடும்வரை வாசல் படலையடியில் நின்றேன். கடைசியில் வந்தார், கையில் போத்தல் இல்லை. பின்னால் சின்னம்மா வாளி நிறையத் தண்ணீரோடு வந்தார். இருவர் முகமும் அழுது வீங்கியிருந்தது.

"இந்தா, உன்ர ஆராய்ச்சிக்கு. கொம்மாவுக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றார் சின்னம்மா. எனக்கு ஒரு போத்தல்தான் தேவை என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினேன்.

மறுநாள் வகுப்பில், அம்மாவின் முடிவைச் சேர்க்க ஏலாது என்று வாதாடினேன். "குடிக்கேக்க அழுதவ, ரீச்சர். கண்ணீர் உப்பு. அதுவும் வாய்க்குள்ள போயிருக்கும்."

அந்த நியாயத்துக்காக ரீச்சர் என்னைத் தட்டிக்கொடுத்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அம்மா ஏன் அழுதார் என்று கண்டுபிடிக்க மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.